கெட்டிமேளத்துக்கு ரீடேக் இல்லை

ஆவணி முகூர்த்தம். விடிகாலை நாலே முக்கால். கடலூருக்கு மேற்கே கெடிலம் கரையில் இருக்கும் திருவந்திபுரத்தில் கால் வைக்க இடமில்லை. தேவநாத சுவாமி கோயிலும் அதை ஒட்டிய ஔஷதகிரிக் குன்றும் முகூர்த்த நாளில் கல்யாணச் சந்தையாகிவிடும். ஒரே காலையில் நூறு ஜோடிக்கு மேல் தாலி ஏறும் நாட்கள் உண்டு. நாலு எட்டு வைத்தால் ஒரு மணவறை, இன்னும் நாலு எட்டில் ஒரு தவில். எல்லா மாப்பிள்ளையும் பட்டு வேட்டி, எல்லாப் பெண்ணும் கூறைப்புடவை. மாலை முகத்தை மறைத்திருக்க, தன் ஜோடி எது என்று தேடி அலையும் போட்டோகிராஃபரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

அப்படி ஒருவர் கடலூர் லாட்ஜிலிருந்து நேரே அங்கே வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ரிசப்ஷனை முடித்துவிட்டு ஏசியை 22-இல் வைத்து மூன்று மணி நேரம் தூங்கியவர். பையைத் திறந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைக்கிறார். பால் போல வெள்ளை. மணவறை, விளக்கு, மாமனார் எல்லாம் மேகத்துக்குள். கைக்குட்டையால் லென்ஸைத் துடைக்கிறார். இரண்டு நொடி தெளிந்து மறுபடி மங்குகிறது. பதற்றமில்லை, இன்னொரு கேமரா இருக்கிறதே என்று அதை எடுக்கிறார். அதுவும் வெள்ளை.

கேமராக்காரர்கள் இதை ‘லென்ஸ் வியர்த்துடுச்சு’ என்பார்கள். வியர்ப்பது லென்ஸ் இல்லை, காற்று. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் 19 கிராம்தான். மீதி எங்கே போகும்? பக்கத்தில் குளிர்ந்த பரப்பு எது கிடைக்கிறதோ அதன் மேல் துளியாக உட்காரும். எந்த வெப்பநிலையில் உட்காரத் தொடங்குமோ அதற்குப் பனிநிலை என்று பெயர். கடலோரத்தில் 26 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு விடிகாலையில் பனிநிலை 24 டிகிரி. நம் ஆள் கேமராவை 22 டிகிரி அறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்புறம் நனைவதும் இதுவும் ஒன்றே.

துடைப்பதால் பயனில்லை. கண்ணாடியின் வெப்பநிலை 24-ஐத் தாண்டும் வரை காற்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். வேட்டி முனையால் துடைத்தால் அதில் இருக்கும் தூசியும் உப்பும் லென்ஸின் மேல்பூச்சைக் கீறும். இதைவிடக் கெட்டது, மங்கிய லென்ஸை முன்னும் பின்னும் ஜூம் செய்து பார்ப்பது. பல ஜூம் லென்ஸ்கள் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரக்காற்று உள்கண்ணாடியில் படிந்தால் எந்தத் துணியும் அங்கே எட்டாது. சில மாதம் கழித்து அங்கே சிலந்தி வலை மாதிரி ஒன்று தெரியும். அது பூஞ்சை. ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது வளரும். அது சுரக்கும் அமிலம் மேல்பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய லென்ஸ் வாங்குபவர்கள் முதலில் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது இதற்காகத்தான்.

தீர்வு சொன்னால் இவ்வளவுதானா என்பீர்கள். ஏசி அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி மூட வேண்டும். பனி கவரின் வெளிப்புறத்தில் படியும். உள்ளே கேமரா அரைமணி, முக்கால் மணியில் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். இன்னும் எளிது, கேமராப் பையை ராத்திரியே ஏசி இல்லாத வராந்தாவில் வைப்பது. திருட்டுப் பயம் இருந்தால் குளியலறை.

ஆனால் என்னை யோசிக்கவைப்பது பனி இல்லை, அந்த இரண்டாவது கேமரா. ‘ஒன்று போனால் இன்னொன்று’ என்றுதான் அதைக் கடன் வாங்கி வாங்கியிருப்பார். இரண்டும் ஒரே அறையில், ஒரே ஏசியில், ஒரே பையில் தூங்கின. ஒன்றைக் கெடுத்த காரணம் மற்றதையும் கெடுத்தது. பொறியாளர்கள் இதைப் பொதுக் காரணப் பழுது என்பார்கள். கல்யாண வீட்டுச் சங்கடங்கள் பலவற்றையும் தோண்டினால் அடியில் இதுதான் கிடக்கிறது.

அடுத்தது கெட்டிமேளம். ஐயர் கையை உயர்த்துகிறார், நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகின்றன, அட்சதை பறக்கிறது. முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். மொத்தம் பத்துப் பதினைந்து நொடி. அந்த நொடியில் பிளாஷ் அடிக்க மறுக்கிறது. ஒரு படம் வெளிச்சம், அடுத்த மூன்றும் இருட்டு.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் தீர்ந்திருக்காது. பிளாஷுக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதை அண்டாவாக நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி என்பது அண்டாவை நிரப்பும் ஒல்லிக் குழாய். நான்கு பென்டார்ச் பேட்டரிகள் கொடுக்கும் சொற்ப வோல்ட்டை உள்ளே ஒரு சுற்று 300 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி அண்டாவை நிரப்புகிறது. நிரம்பியதும் சுமார் 70 ஜூல் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு நொடியில் கவிழ்கிறது. அந்த ஒரு கணத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 70 கிலோவாட். ஒரு நடுத்தர மண்டபத்தின் ஜெனரேட்டருக்கே அது பெரிய சுமை. கவிழ்ப்பது கணம், நிரப்புவது மூன்று நொடி. சாதாரண அல்கலைன் பேட்டரி பாதி தேய்ந்துவிட்டால் அதன் உட்தடை ஏறி, மூன்று நொடி எட்டு நொடியாகும். கெட்டிமேளம் அதற்குள் முடிந்துவிடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் பேட்டரியின் வோல்ட் குறைவுதான், 1.2. ஆனால் உட்தடை மிகக் குறைவு என்பதால் குழாய் அகலம். அதைவிட நல்ல வழி அண்டா முழுவதையும் கவிழ்க்காமல் இருப்பது. கேமராவின் ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓவை 400-லிருந்து 1600-க்கு ஏற்றினால் கால் பங்கு வெளிச்சம் போதும். ஒரு அண்டாவில் நான்கு முறை மொள்ளலாம். மாலை மாற்றும்போதே முழுவீச்சில் அடித்துத் தீர்த்து பிளாஷைச் சூடாக்கியவர்கள், தாலி கட்டும்போது அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள ஓய்வெடுப்பதைப் பார்த்து நிற்பார்கள்.

படம் விழவில்லை என்றால் ஒரு பழைய தந்திரம் உண்டு. ‘மாப்பிள்ளை, தாலிய அப்படியே கையில பிடிச்ச மாதிரி இன்னொரு தடவ!’ பல ஆல்பங்களில் மாங்கல்யதாரணம் என்று இருப்பது இந்த இரண்டாவது தடவைதான். கண்டுபிடிப்பது சுலபம்: பின்னால் தவில்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஃபிலிம் காலத்தில் இந்தத் தந்திரத்துக்கும் வழியில்லை, ஏனென்றால் தப்பு நடந்ததே நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். எங்கள் வீட்டில் சித்தப்பா கல்யாண ஆல்பம் ஒன்று இருக்கிறது. நலுங்குப் படங்கள் நான்கில் மாப்பிள்ளை பளிச்சென்று இருக்கிறார். பக்கத்தில் பெண் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் வைத்த மாதிரி செங்குத்தாகக் கறுப்பு. சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார். எடுத்தவர் மேல் பழியில்லை. ஷட்டர் வேகக் குமிழ் ஒரு பல் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கால கேமராவின் ஷட்டர் இரண்டு துணித் திரைகள். முதல் திரை விலகித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவில் நொடியில் 60-இல் ஒரு பங்கு வரைதான் இரண்டு திரைக்கும் நடுவே ஃபிலிம் முழுதும் திறந்திருக்கும் கணம் கிடைக்கும். 125-க்குத் தள்ளினால் முதல் திரை கடைசிவரை போவதற்குள் இரண்டாவது பாதி வழிக்கு வந்துவிடும். பிளாஷ் அடிக்கும் நேரத்தில் சித்தி திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறார்.

இன்னொரு ஃபிலிம் விபத்து இதைவிடக் கொடுமை. ரோலின் நுனி பல் சக்கரத்தில் சரியாக மாட்டாமல் வழுக்கிவிடும். எண்ணிக்கை 36 வரை ஓடும், ஷட்டர் சத்தம் கேட்கும், ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்யாணம் முழுக்க எடுத்தும் ஒன்றும் இராது. அனுபவசாலிகள் ஒவ்வொரு முறை நெம்புகோலை இழுக்கும்போதும் இடதுபக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழைக் கடைக்கண்ணால் பார்ப்பார்கள். அது சுற்றினால்தான் ஃபிலிம் நகர்கிறது. எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்தக் கடைக்கண் பார்வை பல கல்யாணங்களைக் காப்பாற்றியிருக்கும்.

இப்போதைய கேமராக்களில் அந்தத் திரை மறைந்துகொண்டிருக்கிறது; கூடவே புதுத் தொல்லை வந்துவிட்டது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள். நெய்வேலியில் பிறந்து மண்டபத்துக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் தொடுவதால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை பிரகாசித்து மங்கும். நம் கண் அதைக் கவனிக்காது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிக்க 25-இல் ஒரு நொடி ஆகிறதென்றால், அதற்குள் விளக்கு நான்கு முறை மின்னி மங்கியிருக்கும்: படத்தில் நான்கு பட்டை. ஷட்டரை 100-இலோ 50-இலோ ஒரு நொடிக்கு வைத்தால் ஒவ்வொரு வரியும் ஒரு முழு மினுக்கலையாவது வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி வீடியோத் திரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது தன்னிஷ்டத்துக்கு மினுக்கும். முந்தின நாள் ரிசப்ஷனில் நாலு படம் எடுத்துப் பார்த்துவிடுவதுதான் வழி.

ஹோமப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை. கேமரா தலையிலேயே பிளாஷை வைத்துப் புகைக்குள் அடிப்பதும், மார்கழிப் பனியில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டுவதும் ஒன்று. மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகள்களில் பட்ட ஒளி நேரே திரும்பி லென்ஸுக்குள் வந்து விழும். பிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் தம்பி ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அதே புகை ஆல்பத்தின் மிக அழகான படத்தைத் தரும், ஏனென்றால் அவ்வளவு சிறிய துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன.

பிச்சாவரம் இப்போது ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்குப் பிரபலம். சிதம்பரத்திலிருந்து அரைமணி நேரம்; சுரபுன்னைக் காட்டுக்குள் படகு, பின்னலான வேர்கள், பச்சை வெளிச்சம். படகு ஆடும், கேமரா விழும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் கழிமுகம் அது, தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரில் விழுந்த கேமராவுக்கும் உப்புத் தண்ணீரில் விழுந்ததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உப்பு அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும்; பேட்டரி உள்ளே இருக்கும் வரை சுற்றுப்பலகையின் தாமிரக் கோடுகள் மின்னாற்பகுப்பில் கரைந்துகொண்டே இருக்கும். நிமிடக் கணக்கில் நடக்கும் வேலை. ஆகவே ‘ஆன் ஆகுதா’ என்று பார்க்கவே கூடாது. முதல் வேலை பேட்டரியைப் பிடுங்குவது. அரிசி மூட்டைக்குள் புதைப்பதில் புண்ணியமில்லை, உப்பு அரிசிக்குள் போகாது. கேமராவை அநேகமாகத் தலைமுழுக வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருக்கும் கார்டு பெரும்பாலும் பிழைக்கும். அது பிளாஸ்டிக்கில் வார்த்து மூடிய சில்லு, தொடுமுனைகளில் தங்கப்பூச்சு. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு படிக்கலாம்.

கார்டுக்கு வந்துவிட்டோம். ‘கார்டு எரர்’ என்ற இரண்டு சொல் போதும், ஒரு போட்டோகிராஃபரின் இரத்தம் உறைய.

‘அண்ணே, கார்டு காலின்னு காட்டுது. ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது.’

‘தொடாத தம்பி. ஆஃப் பண்ணிட்டுக் கார்ட எடுத்து என் சட்டைப் பைல போடு.’

அந்த அண்ணன் சரியாகச் சொன்னார். ஏன் என்று பார்ப்போம். கார்டுக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் மின்காப்பு அடுக்குகளுக்கு நடுவே சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். எத்தனை சிறைப்பட்டிருக்கின்றன என்பதே தகவல். இன்றைய கார்டுகள் பலவற்றில் ஓர் அறையில் எட்டு நிலைகளைப் பிரித்தறிகிறார்கள், அதாவது மூன்று பிட். மின்சாரம் நின்றாலும் எலக்ட்ரான்கள் தப்பாது. தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய நினைவகம் இது. ஒரு பெரிய கட்டத்தை ஒரே வீச்சில் அழிக்கும் விதம் கேமரா பிளாஷை நினைவூட்டியதால் அவருடைய சக ஊழியர் வைத்த பெயர்தான் ‘பிளாஷ் மெமரி’. நம் ஆளின் கையில் இருக்கும் இரண்டு பிளாஷும் ஒரு விதத்தில் சொந்தக்காரர்கள்.

படங்கள் ஒரு பக்கம், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இன்னொரு பக்கம். மொய் எழுதும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கவர்கள் பையில், பெயர்கள் நோட்டில். ஒரு படத்தை அழிக்கும்போது நோட்டில் ஒரு வரியை அடிக்கிறோம், கவர் பையிலேயே கிடக்கிறது. சாதாரண ஃபார்மட் என்பது நோட்டைக் கிழித்துப் புது நோட்டுப் போடுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவினால், பேட்டரி செத்தால், நோட்டின் பக்கம் பாதியில் கிழிகிறது. கேமரா நோட்டைப் பார்த்துவிட்டுப் பை காலி என்கிறது.

கவரை எப்படித் தேடுவது? ஒவ்வொரு ஜேபெக் கோப்பும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கி எஃப்எஃப் டி9-இல் முடியும். ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்கள் நோட்டைப் பார்ப்பதே இல்லை. பையைக் கவிழ்த்து, அந்தத் தொடக்க முத்திரை எங்கெங்கே இருக்கிறது என்று முதல் பைட்டிலிருந்து கடைசி வரை தேடுகின்றன. படம் கிடைக்கும், கோப்பின் பெயர் கிடைக்காது. வீடியோ அவ்வளவு லேசில் வராது, பெரிய கோப்புகள் துண்டுதுண்டாகப் பல இடத்தில் எழுதப்பட்டிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு படம்கூட எடுத்திருக்கக் கூடாது. புதுக் கவர் பழைய கவரின் மேல்தான் உட்காரும்.

போலிக் கார்டு தனிக் கதை. 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி வைத்து விற்பார்கள். கேமராவிடமும் 128 என்றே பொய் சொல்லும். எட்டைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றில். வாங்கிய அன்றே கணினியில் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு உடையும். அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

இதற்காகத்தான் இரண்டு கார்டு போடும் கேமராக்கள் வந்தன. ஒரே படம் இரண்டிலும் விழும். ஒரு பேச்சுக்கு, ஒரு கார்டு ஆயிரம் கல்யாணத்தில் ஒன்றில் சாகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நாளில் சாக வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. பெருக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றின் சாவுக்கும் மற்றதின் சாவுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. கேமரா தண்ணீரில் விழலாம். பை பஸ்ஸில் தொலையலாம். இரண்டு கார்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே போலியாக இருக்கலாம். அப்படி இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும் காரணம் பத்தாயிரத்தில் ஒரு முறை வந்தால்கூட, பத்து லட்சத்தில் ஒன்றைவிட நூறு மடங்கு பெரிய ஆபத்து அது. மூன்றாவது, நான்காவது கார்டு சேர்த்தாலும் அந்தப் பத்தாயிரத்தில் ஒன்று அசையாது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்தது இதே கணக்குப் பிழை. அவசர டீசல் ஜெனரேட்டர்களுக்குக் குறைவே இல்லை. பெரும்பாலானவையும் அவற்றின் மின்பலகைகளும் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. ஒரே சுனாமி அலை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடித்தது. ஆறாம் உலையில், காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது. வேறு வகை, வேறு இடம்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் சொல்லலாம். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு தவறான கட்டளையால் பிக்ஸார் நிறுவனத்தின் கணினியிலிருந்து படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப்பைத் தேடினார்கள், அது சரியாக வேலை செய்யாமலே இருந்திருக்கிறது. காப்பாற்றியது, குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற அதிகாரியின் வீட்டுக் கணினி. போர்வை சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்: கணினி உலகம் முழுக்க இன்று ஓதும் இந்த 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். அந்த மூன்றில் கடைசி எண்ணைத்தான் நம் ஊரில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடையில் ஒரு ஹார்ட் டிஸ்க், அதே மேசையில் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்க். கீழ்த்தளம்.

கடலூருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதில் ஒரு விசித்திரம். சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. இரண்டும் மார்கழி. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே அந்த இரண்டு நாட்களிலும் மணவறையில் நின்று நனைந்த கேமரா அநேகமாக இல்லை. நனைந்தவை முடிந்துபோன கல்யாணங்கள்: பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள், நெகட்டிவ் பெட்டிகள், கேசட்டுகள். 2015 நவம்பர் வெள்ளத்திலும், 2024-இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரை மீறியபோதும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீருக்கு ஆல்பம், ஹார்ட் டிஸ்க் என்ற வித்தியாசம் கிடையாது.

நனைந்த ஆல்பத்தை என்ன செய்வது? நம் கை தானாகச் செய்வது, வெயிலில் வைப்பது. அதுதான் தப்பு. பழைய கலர்ப் படத்தின் நிறம் ஜெலட்டின் என்ற புரதப் படலத்துக்குள் இருக்கிறது. நனைந்தால் அது உப்பிப் பசையாகும். அப்படியே காய்ந்தால் எதிர்ப்பக்கத்தோடும் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளோடும் ஒரே பலகையாக இறுகிவிடும். அப்புறம் பிரித்தால் முகம் பிளாஸ்டிக்கோடு போகும். நனைந்த படத்தைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, படப்பக்கம் மேலே பார்க்க நிழலில் பரப்ப வேண்டும். படப்பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. இரண்டு நாளைக்குள் செய்தாக வேண்டும். சேற்றுத் தண்ணீரின் பாக்டீரியாக்களுக்கு ஜெலட்டின் நல்ல சாப்பாடு. அதற்குள் முடியாதென்றால், கரண்ட் இருந்தால், கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்து உறையவிடலாம். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் ஃபியூஜிஃபிலிம் நிறுவனமும் தன்னார்வலர்களும் உட்கார்ந்து லட்சக்கணக்கான குடும்பப் படங்களை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். இன்றைய கரிஷ்மா ஆல்பம் லேமினேஷன் போட்டது, கொஞ்சம் தாங்கும். ஓரங்களில் தண்ணீர் ஏறினால் அதுவும் பிரிந்துவிடும்.

கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆல்பத்தோடு கொடுத்த பென்டிரைவை நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள்; உள்ளே சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் சூட்டில், வருடக்கணக்கில், மெல்லக் கசியும். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றைச் சிதம்பரத்தில் இருக்கும் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டேன் என்று கடலூர்க்காரர்கள் சொல்லாதீர்கள்: நடுவே 45 கிலோமீட்டர்தான், ஒரே புயல் இரண்டு ஊரையும் பார்த்துவிட்டுப் போகும். சேலத்தில் அத்தை யாராவது இருந்தால் அவர் பீரோவில் கொஞ்சம் இடம் கேளுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.